பழைய குட்டி யானைக்கு முன்பக்கம் எக்ஸ்ட்ரா பட்டை போடலாமா? இதைப் படிச்சிட்டு முடிவு பண்ணுங்க!

காரைக்கால் மாவட்டம் திருமலைராயன்பட்டினம். பட்டினச்சேரி மீனாக இருந்தாலும், பக்கத்து வயல் நெல்லாக இருந்தாலும் ஏற்றிப்போவது பிக்கப் வண்டிதான். வண்டி பழசானால் முன்பக்கம் தாழும், ஸ்டியரிங் ஆடும். உடனே வரும் யோசனை, "முன்னாடி ஒரு பட்டை சேர்த்துப் போட்டா சரியாயிடும்" என்பதுதான். உண்மையிலேயே சரியாகுமா?

பட்டையின் வேலை என்ன?

2005-ல் அறிமுகமான டாடா ஏஸ், அதாவது நம்ம 'குட்டி யானை'க்கு முன்பக்கமும் லீஃப் ஸ்பிரிங்தான். எடையைத் தாங்குவது மட்டுமல்ல, முன் அச்சை நகராமல் பிடித்து வைப்பதும் இந்தப் பட்டைகள்தான். பிரேக் அடிக்கும்போது வண்டியின் எடை முன்பக்கம் பாய்வதால், அப்போது முழுச் சோதனையும் இவற்றுக்குத்தான்.

கூடுதல் பட்டை போட்டால்?

வண்டி உயரும். ஆனால் ஸ்பிரிங் விறைப்பாகிவிடும். பள்ளத்தில் சக்கரம் தரையோடு ஒட்டி ஓடாமல் துள்ளும். துள்ளுற சக்கரத்துக்கு பிரேக்கும் பிடிக்காது, ஸ்டியரிங்கும் கேட்காது. உயரம் மாறினால் ஸ்டியரிங் ராடின் கோணமும் மாறும். மேடு பள்ளத்தில் வண்டி தானாக ஒரு பக்கம் இழுக்கும்.

முக்கியமான விஷயம்: டயர், பேரிங், பிரேக், சேஸிஸ் எல்லாம் பழையதேதான். தாங்கும் சக்தி கூடவில்லை, கூடின மாதிரி தெரிகிறது. அவ்வளவுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆர்.சி.யில் உள்ள மொத்த எடை, பட்டை சேர்த்தாலும் மாறாது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 194-ன்படி அதிக லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாய். இது மத்தியச் சட்டம். காரைக்கால் எல்லை தாண்டி நாகப்பட்டினம் போனாலும் இதே சட்டம்தான். பெரிய வண்டியின் அச்சை மாற்றிப் பொருத்துவது போன்ற வேலைகளுக்குப் பிரிவு 52-ஐயும் பார்க்க வேண்டும். தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்ற அது அனுமதிப்பதில்லை. 8 வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு எஃப்.சி. வருடா வருடம் எடுக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அப்போ என்ன செய்யணும்?

* முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் பேரிங் தேய்மானம். நிற்கவில்லை என்றால் கிங் பின், புஷ்ஷைப் பார்க்கணும்.

* தாழ்ந்த பட்டைக்குப் பதில் கம்பெனி அளவுள்ள புதுப் பட்டையை இரண்டு பக்கமும் ஒன்றாக மாற்றுங்கள். ஷாக் அப்சார்பரும் ஜோடியாகத்தான்.

* யூ போல்ட்டைப் புதிதாகப் போடுங்கள். கொஞ்ச தூரம் லோடோடு ஓடியபின் மறுபடி டைட் செய்யுங்கள்.

* கடைசியாக வீல் அலைன்மென்ட்.

கடலோர வண்டிகளுக்கு இன்னொன்று: மீன் பெட்டியிலிருந்து ஒழுகும் உப்புத் தண்ணீர் பட்டைகளுக்கு இடையில் இறங்கி அரிக்கும். லோடு இறக்கியதும் அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் கழுவினாலே பட்டையின் ஆயுள் கூடும்.

பழைய வண்டிக்குப் பெரிய அப்கிரேடு, அதை முதலில் இருந்த நிலைக்குத் திருப்புவதுதான். அதுக்கு மேல லோடு வேணும்னா, மாற்ற வேண்டியது பட்டையை இல்லை. ஒரு டிரிப்பை இரண்டாக்குங்கள், இல்லைன்னா பெரிய வண்டி எடுங்கள்.