எலியைப் பட்டாணிக்குருவி ஆக்கியவர்

ஆங்கிலக் குழந்தைகள் பல தலைமுறையாகப் பாடிவரும் அடுக்குப் பாட்டு ஒன்று உண்டு. ஜாக் ஒரு வீடு கட்டினான். வீட்டில் மால்ட், அதாவது முளைகட்டிய தானியம், இருந்தது. மால்ட்டை எலி தின்றது, எலியைப் பூனை கொன்றது, பூனையை நாய் துரத்தியது என்று ஒவ்வொரு அடுக்காக நீண்டுகொண்டே போகும். 1923இல் இந்தப் பாட்டு ரஷ்ய மொழியில் புத்தகமாக வந்தபோது அதில் எலியைக் காணோம். மால்ட்டும் இல்லை. இருட்டறையில் கோதுமை இருந்தது, அதை ஒரு குறும்புப் பட்டாணிக்குருவி திருடித் தின்றது. பூனை மட்டும் பூனையாகவே இருந்தது, குருவியைப் பிடிக்க.

காரணம் எளிது. ரஷ்ய மொழியில் கோதுமைக்குப் பெயர் ‘ப்ஷெனீத்ஸா’, பட்டாணிக்குருவிக்கு ‘சினீத்ஸா’. இரண்டும் காதில் ஒட்டிக்கொள்கின்றன. நமக்கு எதுகையும் மோனையும் அடியின் தொடக்கத்திலேயே வந்துவிடும். ரஷ்யப் பாட்டுக்கு உயிர் அடியின் கடைசியில், நாம் இயைபு என்று சொல்வோமே, அதில் இருக்கிறது. எலியை விட்டுக்கொடுத்தால் இயைபு கிடைக்கும் என்றால் எலி போகட்டும் என்று முடிவு செய்தவர் சமுயில் மார்ஷாக். யூதக் குடும்பத்தில் பிறந்து, ஷேக்ஸ்பியரையும் ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸையும் ரஷ்யர்களின் வீட்டுக்குள் கொண்டுவந்த மொழிபெயர்ப்பாளர்.

அரசியைப் பார்க்க லண்டன் போய்வந்த பூனையைப் பற்றிய நாலுவரிப் பாட்டையும் அவர் விடவில்லை. ஆங்கிலத்தில் அந்தப் பூனை நாற்காலிக்கு அடியில் இருந்த சுண்டெலியை மிரட்டுகிறது. மார்ஷாக்கின் பூனை எலியைக் கம்பளத்தின் மேல் பார்க்கிறது. ‘அரசவையில்’ என்பதற்கான ரஷ்யச் சொல்லுக்கும் ‘கம்பளத்தில்’ என்பதற்கான சொல்லுக்கும் ஒரே முடிவு. நாற்காலிக்கு அடியிலிருந்து கம்பளத்துக்கு ஓர் எலியை நகர்த்துவது சின்ன வேலையாகத் தோன்றலாம். ஆனால் அரண்மனைக்கே போய்வந்தாலும் பூனையின் கண்ணுக்கு எலிதான் தெரியும் என்பதுதானே அந்தப் பாட்டின் வேடிக்கை? அது துளியும் கெடவில்லை. எதை நகர்த்தலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரிந்த கை அது.

மார்ஷாக் 1887இல் வரோனெஷ் நகரில் பிறந்தார். தந்தை சோப்புத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர். குடும்பப் பெயரே ஒரு புதிர். 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கைதனோவர் என்ற யூத மதகுருவின் பட்டத்தையும் பெயரையும் ஹீப்ரு எழுத்துகளில் சுருக்கினால் ‘மார்ஷாக்’ வரும். அவருடைய வழிவந்தவர்கள் அந்தச் சுருக்கத்தையே பெயராக வைத்துக்கொண்டார்கள். ஜார் ஆட்சியில் யூதர்கள் நினைத்த ஊரில் குடியிருக்க முடியாது, நினைத்த பள்ளியில் சேரவும் முடியாது. 1902இல் கலை விமர்சகர் விளாதீமிர் ஸ்தாஸொவ் இந்தச் சிறுவனின் கவிதைகளைப் பார்த்து வியந்து, பீட்டர்ஸ்பர்க் பள்ளியில் இடம் வாங்கிக் கொடுத்தார். ஸ்தாஸொவ் வீட்டில்தான் மக்சீம் கார்க்கி பழக்கமானார். பையனுக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்ததும் கார்க்கி அவனை யால்த்தாவில் இருந்த தன் வீட்டுக்கே அனுப்பிவைத்தார்.

இளமையில் ஹீப்ருக் கவிஞர் பியாலிக்கை ரஷ்ய மொழிக்குக் கொண்டுவந்தார். 1911இல் பாலஸ்தீனம் வரை பயணம் போனார். அந்தப் பயணத்தில் சந்தித்த சோஃபியாவை மறு வருடமே மணந்து, இருவருமாக இங்கிலாந்துக்குப் படிக்கப் போனார்கள். லண்டனில் பல்கலைக்கழகப் பாடத்தைவிட அதிகமாக அவரைப் பிடித்துக்கொண்டவை வில்லியம் பிளேக்கின் கவிதைகளும், எழுதியவர் பெயர் தெரியாத அந்தக் குழந்தைப் பாட்டுகளும்தான்.

1915இல் அவர்களுடைய பெண் குழந்தை, கொதிக்கும் சமோவார் கவிழ்ந்து இறந்துபோனது. தேநீருக்கு வெந்நீர் போடும் அந்தப் பாத்திரம் இல்லாத ரஷ்ய வீடு அந்தக் காலத்தில் அரிது. அதன் பிறகு மார்ஷாக் போரில் வீடிழந்த அகதிக் குழந்தைகளுக்காக உழைத்தார். சொந்தத் துயரத்துக்கும் பிற்பாடு குழந்தைகளுக்காகவே எழுதியதற்கும் முடிச்சுப் போடுவது சுலபம், அதனாலேயே கொஞ்சம் தயங்கவேண்டும். அவர் மறுபடி மறுபடி அநாதைக் குழந்தைகளைப் பற்றி எழுதினார் என்பது மட்டும் புத்தகங்களிலேயே இருக்கிறது.

‘பூனையின் வீடு’ நாடகம் அப்படிப்பட்டது. உள்நாட்டுப் போர் ஓய்ந்த வேளையில், தெற்கே கிராஸ்னதார் நகரில் ஒரு சிறுவர் நாடக அரங்கை நடத்திக்கொண்டிருந்தபோது அதன் முதல் வடிவத்தை எழுதினார். பணக்காரப் பூனை ஒன்று மாளிகை கட்டிக்கொண்டு வாழ்கிறது. பசியோடு கதவைத் தட்டும் அநாதைக் குட்டிகளை, அதுவும் சொந்த உறவை, விரட்டிவிடுகிறது. ஆடு, சேவல், பன்றி எல்லோரும் விருந்துக்கு வருகிறார்கள். மாளிகை தீப்பிடித்து எரிந்ததும் அந்த விருந்தாளிகளில் ஒருவரும் கதவு திறக்கவில்லை. கடைசியில் இடம் கொடுப்பது ஓட்டைக் குடிசையில் இருக்கும் அந்தக் குட்டிகள்தாம். 1958இல் இது கார்ட்டூன் படமாகவும் வந்தது.

அவருடைய பூனைகள் எல்லாம் திருந்துகிறவை அல்ல. அசட்டுச் சுண்டெலிக் குஞ்சு ஒன்றின் கதையில், தாய் எலி தாலாட்டுப் பாட ஆள் தேடுகிறது. வாத்து, தேரை, குதிரை என்று யார் பாடினாலும் குஞ்சுக்குப் பிடிக்கவில்லை. பூனையின் குரல்தான் இனிமையாக இருக்கிறது. தாய் திரும்பி வந்து பார்க்கும்போது தொட்டிலில் குஞ்சு இல்லை. பாட்டு அத்தோடு முடிந்துவிடும். குழந்தைக்கு யாரும் விளக்கம் சொல்வதில்லை, குழந்தையும் கேட்பதில்லை.

எனக்கு இவற்றில் மிகவும் பிடித்தது ‘மீசைக்காரன், வரிக்காரன்’ என்ற சின்னப் புத்தகம். ஒரு சிறுமி தன் சாம்பல்நிறப் பூனைக்குட்டிக்குப் பேசக் கற்றுக்கொடுக்கிறாள். பந்து என்று சொல், குதிரை என்று சொல், மின்சாரம் என்று சொல். எதைச் சொல்லச் சொன்னாலும் பதில் மியாவ்தான். மின்சாரத்துக்கு ரஷ்யச் சொல் வாய்க்குள் அடங்காத நீளம், அதைத் துண்டு துண்டாக்கிக் குட்டிக்குப் பாடம் நடத்துகிற நாலு வயதுக் குழந்தையை வீட்டில் பார்த்திராதவர் யார்?

அந்தக் குட்டிக்குப் படம் போட்டவர் விளாதீமிர் லேபெதெவ். 1920களில் மார்ஷாக்கும் லேபெதெவும் சேர்ந்து கொண்டுவந்த ‘சர்க்கஸ்’, ‘ஐஸ்கிரீம்’, ‘லக்கேஜ்’ போன்ற புத்தகங்களை இன்று உலக அருங்காட்சியகங்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கின்றன. பின்னணி இல்லாத வெள்ளைத் தாள், கத்தரித்து ஒட்டியதுபோலத் தட்டையான நிறங்கள், பக்கமெங்கும் துள்ளும் எழுத்துகள். பாட்டு வேறு, படம் வேறு என்று பிரித்துப் படிக்க முடியாது. அப்போது லெனின்கிராத் என்று பெயர் மாறியிருந்த பீட்டர்ஸ்பர்க்கில், நெவ்ஸ்கி சாலையிலுள்ள ‘புத்தக மாளிகை’யில், உச்சியில் கண்ணாடி உருண்டை வைத்த கட்டடத்தில், அவர்களுடைய ஆசிரியர் குழு இயங்கியது.

அது நெடுநாள் நீடிக்கவில்லை. 1936இல் ‘பிராவ்தா’ நாளேடு, ஓவியர்கள் கிறுக்கித் தள்ளுகிறார்கள் என்று ஒரு கட்டுரையில் சாடியது. குறி, மார்ஷாக்கின் புத்தகத்துக்கு லேபெதெவ் போட்ட படங்கள். அதன் பிறகு அவருடைய தூரிகை அடங்கிப்போனது. கோணமும் துள்ளலும் போய், பஞ்சுபோன்ற, யாருக்கும் தொந்தரவு தராத விலங்குகள் வந்தன. மறு வருடம் ஆசிரியர் குழுவே சிதறியது. சிலர் வேலை இழந்தார்கள், சிலர் கைதானார்கள். குழந்தைகளுக்குச் சூரியனைப் பற்றி எழுதிய இயற்பியலாளர் மத்வேய் பிரான்ஸ்தெய்ன் 1938இல் சுட்டுக் கொல்லப்பட்டார். மார்ஷாக் மாஸ்கோவுக்குக் குடிபெயர்ந்தார்.

அங்கே அவர் கை வைத்தது ஷேக்ஸ்பியரின் 154 சானெட்டுகளில். 1948இல் நூல் வந்தது, அடுத்த வருடம் ஸ்டாலின் பரிசு கிடைத்தது. பாப் பாடகி ஆலா புகச்சோவா அதிலிருந்து பாடினார். இன்றும் ரஷ்யர்களுக்கு ஷேக்ஸ்பியர் சானெட் என்றால் மார்ஷாக்தான்.

ஆனால் எலியைக் குருவி ஆக்கிய அதே துணிச்சல் இங்கே வேறு வேலை செய்தது. மீக்காயில் கஸ்பாரொவ் என்ற பெரிய யாப்பியல் அறிஞர், 1969இல் ஒரு சக ஆய்வாளருடன் சேர்ந்து மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் வரிவரியாக ஒப்பிட்டார். ஷேக்ஸ்பியரின் முரட்டுச் சொற்கள், சட்டமும் வணிகமும் கலந்த உவமைகள், சிக்கலான தர்க்கம் எல்லாம் வழுவழுப்பான, சற்றே மங்கிய அழகாக மாறிவிட்டன என்று காட்டினார். இன்னொன்று: ரஷ்ய மொழியில் இறந்தகால வினையே ஆணா பெண்ணா என்று சொல்லிவிடும். ஓர் ஆண் நண்பனை நோக்கி ஷேக்ஸ்பியர் எழுதிய சில கவிதைகள் மார்ஷாக்கில் பெண்ணை நோக்கியவையாகிவிட்டன. குழந்தைப் பாட்டில் எலி இடம் மாறினால் பாட்டு பிழைக்கும். காதலிக்கப்படும் ஆள் மாறினால் கவிதையே வேறாகிவிடும்.

மார்ஷாக்குக்கு இது தெரியாமல் இல்லை. கவிதை மொழிபெயர்ப்பைப் பற்றி எழுதிய கட்டுரை ஒன்றுக்கு ‘உருவப்படமா, நகலா?’ என்று தலைப்பு வைத்தார். ஓவியர் முகத்தை அளந்து நகலெடுப்பதில்லை, தன் கண்ணால் பார்த்து வரைகிறார் என்ற பக்கத்தில் நின்றவர் அவர். ராபர்ட் பர்ன்ஸின் விஷயத்தில் அது நன்றாகவே பலித்தது. உழவர் வீட்டுக் கவிஞரின் எளிய பேச்சும் மார்ஷாக்கின் கையும் ஒத்துப்போயின. பர்ன்ஸின் படத்தை உலகிலேயே முதலில் தபால்தலையில் அச்சிட்டது பிரிட்டன் அல்ல, சோவியத் ஒன்றியம், 1956இல். ‘ஆபீஸ் காதல்’ என்ற 1977ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் வரும் பர்ன்ஸ் பாட்டைத் தங்கள் ஊர்ப் பாட்டு என்றே நினைத்து முணுமுணுப்பவர்கள் அங்கே நிறைய.

1964இல், ஜோசஃப் பிராட்ஸ்கி என்ற 23 வயதுக் கவிஞரை வேலைவெட்டி இல்லாதவர் என்று லெனின்கிராதில் கூண்டில் ஏற்றினார்கள். அவரும் யூதர், அவரும் மொழிபெயர்த்துப் பிழைத்தவர். மொழிபெயர்ப்பு ஒரு வேலையா என்பதே அங்கே கேள்வியாகிவிட்டது. முதியவரான மார்ஷாக்கும் குழந்தை எழுத்தாளர் கர்னேய் சுகோவ்ஸ்கியும் அந்த இளைஞருக்காகத் தந்தி அனுப்பினார்கள். பலன் இல்லை, ஐந்தாண்டு தண்டனை. பிற்பாடு நியூயார்க்கில் நோபல் பரிசுக் கவிஞராக வாழ்ந்த பிராட்ஸ்கி ஒரு பூனை வளர்த்தார், அதன் பெயர் மிசிசிப்பி. பூனைப் பெயரில் ‘ஸ’ ஒலி இருக்கவேண்டும், அதுதான் பூனை காதில் விழும் என்பது அவர் கட்சி.

தந்தி அனுப்பிய அதே ஆண்டு ஜூலை 4ஆம் தேதி மார்ஷாக் இறந்தார். கண்புரையால் பார்வை ஏறக்குறையப் போய்விட்ட கடைசி நாட்களிலும், தன் ‘புத்தியுள்ள பொருட்கள்’ நாடகத்தின் அச்சுப்படியைத் திருத்திக்கொண்டிருந்தார். ரஷ்யப் பிள்ளைகள் பலர், பள்ளியில் ஆங்கிலம் படிக்கத் தொடங்கிய பிறகுதான் ஜாக்கின் வீட்டில் ஓர் எலி இருந்ததை முதல்முறை கேள்விப்படுகிறார்கள்.