கரையேறிய பின்

போட்டி நீச்சலின் காலம் மிகக் குறுகியது. பிற துறையினர் பணியில் சேரும் வயதில் நீச்சல் வீரர்கள் பலர் ஓய்வு பெற்றுவிடுகின்றனர். எஞ்சிய நெடிய வாழ்நாளில் அவர்கள் கற்ற கலை எவ்வாறு பயன்படும்? கருநாடகத்தைச் சேர்ந்த ஒலிம்பிக் வீராங்கனை நிஷா மில்லெட்டின் வாழ்க்கை இவ்வினாவிற்கு நல்லதொரு விடையாகும்.

நிஷா 1982ஆம் ஆண்டு பெங்களூருவில் பிறந்தார். ஐந்து வயதில் நீரில் மூழ்கும் நிலைக்குச் சென்று உயிர் தப்பினார். இத்தகைய நிகழ்வுக்குப் பின் பிள்ளைகளை நீர்நிலையின் பக்கமே விடாத பெற்றோர் பலர். நிஷாவின் தந்தையோ 1991இல் சென்னை ஷெனாய் நகரில் அவருக்கு நீந்தக் கற்றுக்கொடுத்தார். அடுத்த ஆண்டே நிஷா மாநில அளவில் பதக்கம் பெற்றார்.

போட்டி நீச்சலில் நேரம், நொடியின் நூற்றில் ஒரு பங்கு வரை கணக்கிடப்படும். குளத்தின் சுவரில் பொருத்திய பலகையை வீரரின் கை தொட்டவுடன் கடிகாரம் நிற்கும். அந்நுண்ணிய வேறுபாட்டிற்காகவே வீரர்கள் ஆண்டுக்கணக்கில் அதிகாலையில் எழுந்து பயில்கின்றனர். அவ்வுழைப்பின் பயனாக, 1999இல் இம்பாலில் நடைபெற்ற தேசிய விளையாட்டுப் போட்டிகளில் நிஷா 14 தங்கப் பதக்கங்களை வென்றார். 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீச்சலை ஒரு நிமிடத்திற்குள் முடித்த முதல் இந்தியப் பெண்ணும் அவரே. அருச்சுனா விருதும் அவரைத் தேடி வந்தது.

2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீட்டர் ஃப்ரீஸ்டைல் போட்டியில் நிஷா கலந்துகொண்டார். தகுதிச் சுற்றில் வீராங்கனையர் பல பிரிவுகளாக நீந்துவர். தம் பிரிவில் நிஷா முதலாவதாக வந்தார். ஆயினும் எல்லாப் பிரிவினரின் நேரங்களையும் ஒப்பிட்டு, விரைவாக நீந்திய 16 பேரே அரையிறுதிக்குத் தெரிவு செய்யப்பட்டனர். அப்பட்டியலில் அவர் இடம்பெறவில்லை.

2002இல் அவருக்கு முதுகில் அறுவை சிகிச்சை நடந்தது. மீண்டும் பயின்றும், 2004ஆம் ஆண்டு ஏதென்சு ஒலிம்பிக்கிற்குரிய தகுதியைச் சிறிய வேறுபாட்டில் இழந்தார். பயிற்சிச் செலவும் பெருஞ்சுமையாயிற்று. எனவே போட்டிகளிலிருந்து விலகினார்.

போட்டியை விட்ட நிஷா நீரை விடவில்லை. பெங்களூருவில் நீச்சற்பயிற்சி நிறுவனம் தொடங்கிச் சிறுவர்க்கும் பெரியவர்க்கும் கற்பிக்கலானார். குழந்தைப் பருவத்தில் நீருக்கு அஞ்ச வேண்டிய காரணம் பெற்றவர், பிறரின் அச்சத்தைப் போக்கும் ஆசிரியரானார். அவரிடம் பயில்வோர் அனைவரும் ஒலிம்பிக் செல்லப்போவதில்லை. ஆனால் நீரில் தடுமாறி விழ நேர்ந்தால், கற்ற கலை அவர்களுக்குத் துணைநிற்கும்.

மைசூரைச் சுற்றிக் காவிரியும் கபினியும் ஏரிகளும் கால்வாய்களும் உள்ளன. விடுமுறை நாள்களில் குளிக்கச் சென்ற மாணவர் மூழ்கிய செய்தியை நாம் நாளிதழ்களில் படித்து வருந்துகிறோம். குளத்தில் நீந்தப் பழகியவர்க்கும் ஆறு புதியதே. அதன் நீரோட்டமும் சுழலும் ஆழமும் மேற்பரப்பைப் பார்த்து அறியக்கூடியவை அல்ல. ஆகவே தகுந்த பயிற்சியாளரிடம் நீச்சல் கற்க வேண்டும். பெரியவர் துணையின்றி ஆற்றில் இறங்கலாகாது. ஒருவர் நீரில் தத்தளிப்பதைக் கண்டால் நாமும் குதித்துவிடாமல், உரக்கக் கூவிப் பிறரை அழைக்க வேண்டும். கரையில் நின்றவாறே கயிற்றையோ நீண்ட கழியையோ நீட்ட வேண்டும்.

பதக்கம் வென்றவரின் பெருமையைச் சேரும். கற்பித்த கலையோ கற்றவரின் உயிரைக் காக்கும்.

சிந்தித்து விடை எழுதுக:

1. தம் பிரிவில் முதலாவதாக வந்தும் நிஷா அரையிறுதிக்குச் செல்ல இயலாதது ஏன்?
2. நீரில் ஒருவர் தத்தளிப்பதைக் கண்டால் நாம் செய்ய வேண்டியவை யாவை?
3. ஓய்வுக்குப் பின் நிஷா ஆற்றும் பணி குறித்து உம் கருத்தை ஐந்து தொடர்களில் எழுதுக.