பூங்கா மேட்டில், தெரு பள்ளத்தில்

“எங்கள் தெருவிலேயே பூங்கா இருக்கிறது. அப்படியும் ஏன் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது?” என்று வேளச்சேரி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

பூங்கா எவ்வளவு பெரிது என்பது இரண்டாவது கேள்வி. அது தெருவைவிட உயரமா, தாழ்வா என்பதே முதல் கேள்வி. மண் கொட்டி உயர்த்தி, சுற்றிலும் கைப்பிடிச் சுவர் எழுப்பிய பூங்கா தன் தலையில் விழும் மழையை மட்டுமே குடிக்கும். தெருவில் ஓடும் தண்ணீருக்கு உள்ளே வர வழியில்லை.

சாப்பாட்டு இலையை நினைத்துப் பாருங்கள்: சோறு பூங்கா, ரசம் மழை. இலையில் சோற்றைக் குவித்து உச்சியில் ரசத்தை ஊற்றினால் வழிந்து மடிக்கு வரும். அதே சோற்றில் குழி பண்ணி ஊற்றினால் நின்று ஊறும். கரண்டியால் அழுத்திய சோறு சட்டென ஊறாது. ஆட்கள் நடந்து நடந்து இறுகிய புல்தரையும் அப்படித்தான். சாம்பாரில் ஏற்கெனவே ஊறிய சோறு ரசத்தை வாங்காது. மூன்றாம் நாள் மழையில் மண்ணின் கதி அதுவே. ரசம் ஓடிவரும் பக்கமெல்லாம் சோற்றைச் சின்னச் சின்னதாகப் பிரித்து வைத்தவர் மடி நனையாமல் எழுவார். மொத்தச் சோற்றையும் எதிர்மூலையில் சேர்த்தவர் நனைந்துதான் எழுவார். பூங்காக்களும் தண்ணீர் வரும் வழியில் பரவலாக இருக்க வேண்டும்.

கணக்குப் போடலாம். கூரையும் சாலையுமாக 1,000 சதுர மீட்டர், பூங்கா 200 சதுர மீட்டர். 50 மி.மீ. மழைக்கு மொத்தம் 60,000 லிட்டர் தண்ணீர். மேட்டுப் பூங்கா அதிகபட்சம் 10,000 லிட்டரைத் தடுக்கும். அதையே தெருவிலிருந்து 15 செ.மீ. தாழ்த்தினால், மண் ஒரு சொட்டும் உறிஞ்சாவிட்டாலும் 30,000 லிட்டர் அங்கே நிற்கும். புல் அதே புல், இடம் அதே இடம்.

மண் உறிஞ்சுவதை ஏன் கணக்கில் சேர்க்கவில்லை? மண் உறிஞ்சும் வேகத்துக்கு எல்லை உண்டு, மழை நீடிக்க அது குறையும் என்று அமெரிக்கர் ராபர்ட் ஹார்ட்டன் 1933-இல் எழுதினார்.

மழைநீரை நகரமே பஞ்சு போல உறிஞ்சிக்கொள்ளும் என்று சொல்லும் ‘ஸ்பாஞ்ச் நகரம்’ திட்டத்தின் விளம்பரத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். அத்திட்டத்தில் பெரும்பணம் செலவிட்ட சீனாவின் செங்சோவில் 2021 ஜூலை 20 அன்று ஒரே மணி நேரத்தில் 201.9 மி.மீ. கொட்டியது, நகரம் மூழ்கியது. 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் பெய்த 49 செ.மீ. மழை நம் கணக்குத் தெருவில் பெய்தால் 5,88,000 லிட்டர். அதன் முன் 30,000 லிட்டர் எம்மாத்திரம்? அந்த மழைக்குப் பள்ளிக்கரணை சதுப்புநிலமும், ஒன்றின் உபரி அடுத்ததற்குப் போகும் ஏரிகளும்தான் வேண்டும். அவற்றை மேடாக்கிவிட்டுத் தெருமுனையில் பூங்கா வைப்பது ஈடாகவே ஆகாது.

ஆனால் ஆண்டுதோறும் பலமுறை வரும் 50 மி.மீ. மழைக்கு உங்கள் பூங்கா உதவும். அது தெருவைவிட உயரமா, தாழ்வா என்று கொத்தனாரிடம் டியூப் லெவல் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மேடாக இருந்தால் மண்ணை எடுத்துத் தாழ்த்த வேண்டும். சுவரில் தண்ணீர் வரும் பக்கம் திறப்பு வைத்து, வாசலிலேயே வண்டலும் குப்பையும் தங்க ஒரு சிறு தொட்டி கட்ட வேண்டும். வேளச்சேரியில் களிமண் என்பதால் நீர் மெல்லத்தான் இறங்கும். இரண்டு நாளில் வற்றாவிட்டால் மிச்சத்தை மழைநீர் வடிகாலுக்கு விட ஒரு குழாய் வேண்டும். கொசு முட்டையிலிருந்து கொசுவாகிப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும், அதற்குள் தரை காய்ந்துவிடும்.