படத்தின் பின்புலமும் கருநிறமும்

பொருளைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்குவோரைப் போலவே, கைப்பேசியில் அதன் படத்தைப் பார்த்து வாங்குவோரும் இன்று பெருகியுள்ளனர். ஆகவே சுய உதவிக் குழுவினருக்கும் உழவர்களுக்கும் படத்தின் தெளிவு இன்றியமையாததாகிறது.

தாம்பரத்தை அடுத்த அனகாபுத்தூரில் நெசவாளர்கள் வாழைநார் கலந்து புடவை நெய்கின்றனர். அத்தகைய வெளிர்நிறப் புடவையைத் தறியின் அருகிலேயே படம் பிடித்தால், மரச்சட்டமும் சுவரும் உடன் கலந்து நாரின் மினுமினுப்பு மறைந்துவிடும். பின்புலம் முழுவதும் கருநிறமாயின் புடவை தனித்து விளங்கும்.

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. 1996-ஆம் ஆண்டு முதல் வெளிவரும் 'கிம்ப்' என்னும் மென்பொருள் கட்டணமின்றிக் கிடைக்கிறது. செய்முறை வருமாறு:

1. மூலப்படத்தைப் பத்திரப்படுத்தி, அதன் நகலைக் கிம்ப்பில் திறத்தல் வேண்டும்.

2. 'ஃப்ரீ செலக்ட்' என்னும் கருவியால் பொருளின் விளிம்பைச் சுற்றிக் கோடிட்டு, தொடங்கிய இடத்திலேயே முடித்து, 'என்டர்' விசையை அழுத்துக.

3. 'செலக்ட்' பட்டியலில் 'ஃபெதர்' மூலம் விளிம்பை இரண்டு பிக்சல் அளவு மென்மையாக்குக. பின்னர் 'இன்வெர்ட்' கட்டளையிட்டால், பொருள் நீங்கலாகப் பின்புலம் மட்டும் தெரிவாகும்.

4. ஒளிபுகும் புதிய 'லேயர்' ஒன்றைச் சேர்த்து, அதில் கருநிறத்தை நிரப்புக. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றின் அளவும் 0 ஆக இருப்பதே முழுக் கருமை.

5. பின்னர் திருத்துவதற்காக 'எக்ஸ்.சி.எஃப்.' கோப்பாகவும், பிறருக்கு அனுப்புவதற்காக 'ஜேபெக்' கோப்பாகவும் சேமிக்க.

படம் முழுவதன் வெளிச்சத்தையும் குறைத்தால் போதுமென்று சிலர் எண்ணுவர். அவ்வாறு செய்தால் பொருளும் மங்கும். பின்புலமும் சாம்பல் நிறமாகவே எஞ்சும். படம் எடுக்கும்போதே பின்னால் கருந்துணி கட்டினால் திருத்தும் வேலை பெரிதும் குறையும். கத்தரிக்காய், கருப்புக் கவுனி அரிசி போன்றவை கருமையில் மறைந்துவிடும். அவற்றிற்கு வெண்மையே ஏற்றது. பொருளின் நிறத்தை மட்டும் ஒருபோதும் மாற்றலாகாது. படத்தை நம்பி வாங்கியவர் மறுமுறை நம்மிடம் வாரார்.

ஊராட்சிகளில் விற்பனைப் படங்களேயன்றிப் பணிப் படங்களும் உண்டு. 2016-இல் தொடங்கிய பிரதம மந்திரி குடியிருப்புத் திட்டத்தின் கீழ், ஊரகப் பகுதிகளில் வீடு எழும்பும் நிலைகள் இடக்குறியீட்டுடன் படமெடுக்கப்படுகின்றன. அப்படத்தில் அண்டை வீடும், மரமும், சாலையும் தெரிந்தால்தான் வீடு எங்கே எழுகிறதென்று எவரும் ஒப்பிட்டறிய இயலும். படம் அழகாக அமையட்டும் என்ற நல்லெண்ணத்தோடு பின்புலத்தைக் கருமையாக்கினாலும், சான்று அழிந்துவிடும். பயனாளியின் தவணைத் தொகைக்கும் தடை நேரலாம்.

எனவே, விற்பனைப் படத்தில் பின்புலத்தை நீக்குக. பணிப் படத்தில் அதனைத் தொடாது காக்க. இவ்வேறுபாட்டை ஊராட்சி உறுப்பினர்கள் தத்தம் ஊர்க் குழுவினருக்கு எடுத்துரைப்பார்களாக.