ஏழு விநாடிச் சாட்சியம்

மின்னணு வாக்குப்பதிவு எந்திரம் பற்றிய நம் சொல்லாடல்கள் ஒரே கேள்வியில் முட்டிக்கொண்டு நிற்கின்றன: ‘அதில் தில்லுமுல்லு பண்ண முடியுமா, முடியாதா?’ தோற்ற கட்சி ‘முடியும்’ என்கிறது. அடுத்த முறை ஜெயித்தால் வாயைத் திறப்பதில்லை. விடை சொல்லும் அதிகாரம் பொறியியல் நிபுணர்களிடம் போய்விடுகிறது. நாம் வேடிக்கை பார்க்கிறோம். நான் கேட்க விரும்புவது வேறு: ஓட்டு சரியாக எண்ணப்பட்டதா என்று யாரால் பார்க்க முடிகிறது?

வாக்குச்சீட்டுக் காலத்தை நான் புனிதப்படுத்தவில்லை. சாவடியைக் கைப்பற்றிக் கட்டுக்கட்டாகக் குத்திப் போட்டதும், ‘உங்க ஓட்டு விழுந்தாச்சு, போங்க’ என்று சேரி மக்களைத் திருப்பி அனுப்பியதும் நடந்தவைதாம். நிமிடத்துக்கு நான்கைந்து ஓட்டுக்கு மேல் வாங்காத எந்திரம் இந்த வேகத்துக்குக் கடிவாளம் போட்டது. எந்த வலைப்பின்னலோடும் இணைக்கப்படாததால் தூரத்தில் உட்கார்ந்து கைவைப்பதும் சுலபமல்ல. ஆனால் சீட்டுக்கு ஒரு குணம் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத முகவர்கூடச் சின்னத்தைப் பார்த்து, ‘அந்தச் சீட்டை இப்படிக் காட்டு’ என்று மறித்துக் கேட்கலாம். எந்திரத்தில் ஓட்டென்பது சில்லுக்குள் கூடும் ஓர் எண். முகவர் பார்ப்பது கூட்டுத்தொகையை மட்டுமே, கூட்டலை அல்ல.

இந்த வேறுபாட்டைத்தான் ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் 2009 மார்ச் 3 அன்று அளித்த தீர்ப்பில் மையப்படுத்தியது. 2005 நாடாளுமன்றத் தேர்தலில் பயன்பட்ட எந்திரங்களில் மோசடி நடந்ததென்று அது சொல்லவில்லை. தேர்தலை ரத்து செய்யவுமில்லை. தேர்தலின் முக்கியக் கட்டங்களைத் தொழில்நுட்ப அறிவில்லாத குடிமக்களும் சரிபார்க்க முடிய வேண்டும். அந்த எந்திரங்களில் அது முடியாது. ஆகவே அவற்றைப் பயன்படுத்தியது சாசனத்துக்கு முரண் என்றது. ‘நம்புங்கள்’ என்பது ஜனநாயகத்தில் பதிலாகாது என்பதே இதில் என் வாசிப்பு.

இங்கே கதை வேறு. 1982இல் கேரளத்தின் பரவூர் தொகுதியில் 50 சாவடிகளில் எந்திரம் வந்தது. சட்டத்தில் அதற்கு இடமில்லை என்றது உச்ச நீதிமன்றம், 1984இல். பிறகு சட்டமே திருத்தப்பட்டது. 2004 மக்களவைத் தேர்தல் முழுக்க எந்திரத்தில் நடந்தது. 2010இல் ஹரி பிரசாத்தும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் ஓர் எந்திரத்தைத் திறந்து, கைக்குக் கிடைத்தால் அதை எப்படி மாற்றலாம் என்று செய்து காட்டினார்கள். எந்திரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டு ஹரி பிரசாத்தைக் கைது செய்தார்கள்.

2013இல் உச்ச நீதிமன்றம் காகிதச் சான்று அவசியம் என்றது. இப்போது ஓட்டுப் போட்டதும் ஒரு சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் 7 விநாடி தெரிந்து, பெட்டிக்குள் விழுகிறது. சீட்டு இருக்கிறது, எண்ணுகிறார்களா? 2019 தீர்ப்பின்படி சட்டமன்றத் தொகுதிக்கு 5 சாவடிகளில் மட்டும். 300 சாவடிகளில் 3 கெட்டுப்போயிருந்தால் அந்த ஐந்தில் ஒன்றாவது அகப்படும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துதான். பரவலான கோளாறு மாட்டும். சில நூறு ஓட்டில் முடிவாகும் தொகுதியின் கோளாறு தப்பிவிடும். எல்லாச் சீட்டுகளையும் எண்ணக் கோரிய வழக்கை 2024 ஏப்ரல் 26 அன்று நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

சீட்டில் வேறு சின்னம் தெரிந்ததென்று வாக்காளர் சொன்னால்? 49 எம்.ஏ. விதிப்படி அவர் எழுதிக் கொடுக்க வேண்டும். அதிகாரி, முகவர்கள் முன்னால் சோதனை ஓட்டுப் போட வேண்டும். அப்போது சரியாக விழுந்துவிட்டால், பொய்ப் புகார் என்று வழக்கு வரலாம். தண்டனை சிறைவரை போகலாம். ஒருமுறை தவறிய எந்திரம் மறுமுறை சரியாக இயங்காது என்று யார் சொன்னது? எந்திரம் நிரபராதி என்று முதலிலேயே தீர்மானமாகிவிட்டது. கூலி வேலையை விட்டுவிட்டு வரிசையில் நின்ற பெண் இதற்குத் துணிவாரா? ‘எதுக்கு வம்பு’ என்று போய்விடுவார். புகாரில்லை என்பது பிறகு எந்திரத்துக்கு நற்சான்றாகிறது.

ஆகவே எந்திரத்தை ஒழிப்பதா வேண்டாமா என்பதற்கு முன்பே நாம் கேட்டு வாங்க வேண்டியவை இரண்டு: சீட்டுகளைக் கூடுதலாக, வித்தியாசம் குறைந்த தொகுதிகளில் முழுதாக, எண்ணுவது, சந்தேகப்படுபவரை மிரட்டும் அந்த விதியை நீக்குவது. இரண்டுக்கும் புதுத் தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை.