பன்றி நாயின் அடுத்த வேலை

கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்து நிலப்பரப்பில் ஏறத்தாழ பாதி காடு. மேற்கே பந்திப்பூர், நடுவில் பிளிகிரிரங்கன் மலை, கிழக்கே மலை மகாதேசுவரா மலையும் காவிரியோரக் காடுகளும். இவற்றின் இடைவெளிகளில்தான் குண்டுலுப்பேட்டை, கொள்ளேகால், ஹனூர் வட்டங்களின் மக்காச்சோளமும் மஞ்சளும் நிலக்கடலையும் வாழையும் விளைகின்றன. கொள்ளேகால் 1956 வரை கோயமுத்தூர் மாவட்டத்தோடு இருந்த ஊர். இன்று அதற்கும் நம் தாளவாடிக்கும் நடுவே மாநில எல்லை ஓடினாலும் இரவில் வந்து இறங்கும் காட்டுப்பன்றிக்கு அந்த எல்லை தெரியாது. கூட்டமாக வரும்; ஒரே இரவில் கடலைக் காட்டை உழுதுபோட்டுவிட்டுப் போகும். பன்றிக்கென்று சிலர் வைக்கும் சுருக்குக் கம்பியும் அவுட்டுக்காய் என்னும் நாட்டு வெடியும் திருட்டு மின்வேலியும் பன்றியோடு நிற்பதில்லை. சுருக்கில் சிறுத்தை மாட்டுகிறது. அவுட்டுக்காயைக் கடித்த யானை வாய் சிதைந்து பட்டினியில் சாகிறது. இந்த நிலையில், நல்ல பன்றி நாய்களை வளர்த்து அந்தக் காலம்போல விரட்டிப் பிடித்தால் என்ன என்ற யோசனை அவ்வப்போது தலைதூக்குகிறது. அதில் பாதி சரி. நாய் வேண்டும், வேட்டை வேண்டாம். வேட்டைக்காரர்கள் நாயைத் தேர்ந்தெடுத்த முறை இருக்கிறதே, அது கட்டாயம் வேண்டும். வேட்டையைக் கைவிட்டபோது நாம் அந்த முறையையும் சேர்த்துக் கைவிட்டுவிட்டோம் என்பதுதான் என் வாதம்.

வேட்டை ஏன் வேண்டாம் என்பதை முதலில் முடித்துவிடலாம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்பதைக் கொல்வதோடு நிறுத்தவில்லை. பிடிப்பதும், கண்ணி வைப்பதும், துரத்திச் செல்வதும், அவற்றுக்கான முயற்சியும்கூட அந்தச் சட்டத்தில் வேட்டைதான். 2022 திருத்தத்திற்குப் பிறகு காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. விதிவிலக்குகள் உண்டு. கேரளம் 2022இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு அனுமதி தரும் அதிகாரம் கொடுத்தது. தமிழ்நாடு 2025 ஜனவரியில் காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்றது. ஒரு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது, இடைப்பட்ட பகுதியில் பிடித்துக் காட்டில் விட வேண்டும். இவை எல்லாமே துப்பாக்கியையும் கூண்டையும் பற்றிய ஏற்பாடுகள். நாயை ஏவிப் பன்றியைக் கடிக்கவிடுவதற்கு இவற்றில் எங்கும் வழியில்லை. இருக்கவும் கூடாது என்பேன். அது இரு விலங்குகளுக்கும் கொடுமை.

அமெரிக்காவில் செய்கிறார்களே என்று கேட்கலாம். புளோரிடா, லூசியானா, டெக்சாஸ் போன்ற தென் மாநிலங்களில் ‘கர்’ என்று அழைக்கப்படும் உழைப்பு நாய்களைக் கொண்டு பன்றி வேட்டையாடுவது இன்றும் சட்டப்படி நடக்கிறது. ஆனால் அங்கே பன்றி வந்தேறி. 1539இல் எர்னாண்டோ டி சோட்டோ என்ற ஸ்பானியத் தளபதி புளோரிடாவில் இறங்கியபோது கப்பலில் கொண்டுவந்த பன்றிகளில் தொடங்கிய கதை, இன்று 60 லட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகள் என்ற அரசுக் கணக்கில் வந்து நிற்கிறது. அந்த மண்ணின் காட்டுக்குப் பன்றி தேவையில்லை. சாமராஜநகர்க் காட்டுக்குத் தேவை. 1973இல் புலித்திட்டம் தொடங்கியபோது அறிவிக்கப்பட்ட முதல் ஒன்பது காப்பகங்களில் பந்திப்பூரும் ஒன்று. அங்கே புலிக்கும் சிறுத்தைக்கும் செந்நாய்க்கும் பன்றி இரை. இங்குள்ள சிக்கல் பன்றி இருப்பதில் இல்லை, அது வயலுக்குள் இருப்பதில்தான். ஆகவே அமெரிக்கர்களின் வேட்டையை இங்கே கொண்டுவருவதில் பொருளில்லை. அவர்கள் நாயைப் பொறுக்கும் விதத்தில் மட்டும் நாம் கவனிக்க வேண்டியது நிறைய இருக்கிறது.

பன்றி நாய் என்றதும் பாய்ந்து கவ்வும் முரட்டு நாய்தான் பலர் மனக்கண்ணில் வரும். கர் நாய்களை வளர்ப்பவர்கள் அப்படிப்பட்ட நாயைப் பெரும்பாலும் விரும்புவதில்லை. அவர்களுக்கு வேண்டியது பன்றியைக் கண்டுபிடித்து, அதன் முன்னால் நின்று, விடாமல் குரைத்து, அது நகராதபடி வளைத்து வைத்திருக்கும் நாய். கவ்விப் பிடிக்கும் வேலைக்குத் தனியாக வேறு கனத்த நாய்கள் உண்டு. ஏன் இப்படி? ஆண் பன்றியின் தந்தம் ஒரே வீச்சில் நாயின் நெஞ்சைப் பிளந்துவிடும். அளவுக்கு மீறிய துணிச்சலுள்ள நாய் முதல் சில வேட்டைகளிலேயே செத்துப்போகும். குட்டிக்குத் தகப்பனாக அது மிஞ்சாது. பயந்த நாயோ பன்றி இருக்கும் புதர்ப்பக்கமே போகாது. அதை எவரும் இணை சேர்க்க மாட்டார்கள். இரண்டுக்கும் நடுவே, எவ்வளவு நெருங்கலாம், எப்போது விலக வேண்டும் என்று தெரிந்த நாய்தான் தலைமுறை தாண்டியது. மோப்பம் எவ்வளவு பழையதாக இருந்தாலும் பின்தொடருமா, தடத்தில் ஓடும்போது குரல் கொடுக்குமா அல்லது பன்றியைக் கண்ட பிறகுதான் குரைக்குமா, கூப்பிட்டால் திரும்புமா, ஆட்டையும் மாட்டையும் தொடாமல் இருக்குமா என்பவையே கேள்விகள். நிறம், வால் வளைவு, காது மடிப்பு எல்லாம் பின்னால்தான் வந்தன. கர் வகையில் ஒன்றான கருவாய்க் கர் நாய்க்கு அமெரிக்காவின் ஒரு பெரிய நாய்ச் சங்கம் இன அங்கீகாரம் கொடுத்ததே 1998இல்தான். அதற்கு முன்பு பல தலைமுறைகளாக அது தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

நம் நாட்டு நாய்களும் இப்படித்தான் உருவாயின. சிப்பிப்பாறையும் கன்னியும் கர்நாடகத்தின் முதோலும் கண்ணால் இரையைப் பார்த்து ஓடிப் பிடிக்கும் மெலிந்த நாய்கள், முயலுக்கு ஏற்றவை. தேனி மாவட்டத்துக் கோம்பை வேறு ரகம். கட்டுக்குட்டான உடல், செவலை நிறம், கரிய முகவாய் என்று கருவாய்க் கர் நாயின் ஒன்றுவிட்ட தம்பிபோலவே இருக்கும். உறவு ஏதும் இல்லை. ஆனால் பன்றி வேட்டை, காவல் என இரண்டின் வேலையும் ஒன்றுதான். இந்த வேலைக்கு எவ்வளவு மதிப்பிருந்தது என்பதற்குச் சாமராஜநகருக்கு வடக்கே, மண்டியா மாவட்டத்து ஆதகூரில் கிடைத்த கல்வெட்டு சான்று. 949இல் தக்கோலப் போரில் சோழ இளவரசன் ராஜாதித்தன் வீழ்ந்தான். அப்போரில் ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் பக்கம் நின்று தீரம் காட்டிய மணலேரா என்ற வீரனுக்குப் பரிசளிக்க முன்வந்தபோது அவன் கேட்டது காளி என்ற நாயை. பிறகு அந்தக் காளி ஒரு பெரிய பன்றியோடு மோதி, இரண்டும் மாண்டன. நாய்க்கு நடுகல் எழுந்தது, நிலமும் மானியமாக விடப்பட்டது. அக்கல்லின் மேற்பகுதியில் நாயும் பன்றியும் சண்டையிடும் சிற்பம் இருக்கிறது. இப்போது பெங்களூர் அருங்காட்சியகத்தில் உள்ளது. இன்னொரு கல் திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில். மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. கோவிவன் என்ற நாய் கள்ளரைக் கடித்துக் காத்து நின்றதை அது சொல்கிறது. முந்தையது வேட்டை நாய், பிந்தையது காவல் நாய். புகழ் என்னவோ காளிக்குத்தான் அதிகம். ஆனால் வளர்ப்பவன் கண்ணோடு பார்த்தால், பன்றியோடு மோதிச் சாகும் நாயைவிடக் காத்து நிற்கும் நாயின் குணம்தான் நமக்கு இன்று பயன்படும்.

வேட்டை சட்டவிரோதமானபின் இந்தத் தேர்வு யார் கையில் இருக்கிறது? கண்காட்சி நடுவர்களின் கையிலும் குட்டி விற்பவர்களின் கையிலும். விளைவை ராஜபாளையம் நாயில் பார்க்கலாம். தூய வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் இருந்தால்தான் அசல் என்று சந்தை முடிவுசெய்தது. தோலில் நிறமி தரும் உயிரணுக்கள் உட்காதிலும் வேலை செய்கின்றன; அவை அங்கே போய்ச் சேராவிட்டால் காது கேட்காது. வெள்ளையை மட்டுமே பொறுக்கிப் பொறுக்கி இணை சேர்த்ததில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பது அந்த இனத்தில் தெரிந்த குறையாகிவிட்டது. அமெரிக்கப் பன்றி நாய்களில் புகழ்பெற்ற, 1979 முதல் லூசியானாவின் மாநில நாயாக இருக்கும் காட்டஹூலாவிலும் இதே கதைதான். திட்டுத்திட்டான அதன் நிறத்துக்கு ஆசைப்பட்டு அந்த மரபணுவை இருபக்கமும் சேர்த்தால் செவிடும் குருடுமான வெள்ளைக் குட்டிகள் பிறக்கின்றன. இரவுக் காவலுக்குச் செவிட்டு நாயால் என்ன பயன்?

இனப் பெயர் இருந்தால் குணமும் இருக்கும் என்பவர்களுக்கு 2022இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு ஒரு கடிவாளம். 18,000க்கும் மேற்பட்ட நாய்களின் நடத்தையைப் பற்றி உரிமையாளர்களிடம் கேட்டு, 2,000க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுவையும் படித்தார்கள். ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் உள்ள நடத்தை வேறுபாட்டில் சுமார் 9 சதவீதத்தைத்தான் இனத்தால் விளக்க முடிந்தது. அவை பெரும்பாலும் வீட்டு நாய்கள், உழைப்பு நாய்கள் அல்லவே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அது என் பக்கம்தான் சாய்கிறது. வேலையை வைத்துத் தேர்வு செய்வதை நிறுத்தியபின் இனப்பெயர் தரும் உத்தரவாதம் மெலிந்துபோகிறது. அதேசமயம் குணங்கள் பரம்பரையில் வருகின்றன என்பதையும் அந்த ஆய்வு காட்டுகிறது. ஆகவே தேர்வு செய்ய இடம் இருக்கிறது. செய்யத்தான் ஆளில்லை.

நாட்டு நாய்களுக்கு அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2005இல் முதோலுக்கும் ராஜபாளையத்துக்கும் அஞ்சல் தலை வந்தது. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வளப் பணியகம் ராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோல் மூன்றையும் பதிவுசெய்திருக்கிறது. முதோலுக்கு அருகே திம்மாப்பூரில் கர்நாடகக் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் நாய் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. சென்னை சைதாப்பேட்டையில் தமிழ்நாடு அரசு ஒரு நாய் இனப்பெருக்கப் பிரிவை நடத்திவந்தது. ஆனால் இனத்தை அடையாளம் காட்டும் விவரங்கள் உயரம், எடை, மயிர், நிறம் என்றே போகின்றன. அந்த நாய்க்கு என்ன செய்யத் தெரியும் என்பது அதில் இல்லை. 2019 அக்டோபரில் குண்டுலுப்பேட்டை வட்டத்தில் இருவரைக் கொன்ற புலியைத் தேடியபோது தடம் காட்டிய பந்திப்பூர் மோப்ப நாய் ராணா ஒரு ஜெர்மன் ஷெப்பர்டு. அந்த இனத்தைக் குறை சொல்லவில்லை. வேலை எதிர்பார்த்து வளர்த்தவர்கள் இருந்ததால் அந்த இடத்துக்கு அது வந்தது. இந்த மண்ணிலேயே பன்றியின் தடம் முகர்ந்த பரம்பரைகள் வெளியே நின்றன.

இனி, இப்படித் தேர்ந்த நாய்களை வயல் காவலுக்கு வைப்பதற்கு எழும் எதிர்ப்புகள். முதலாவது சிறுத்தை. வயலில் கட்டிப்போட்ட நாய் சிறுத்தைக்கு விருந்து என்பதை அந்த வட்டாரத்தில் எவரும் சொல்லித்தரத் தேவையில்லை. இதற்கு முழு விடை கிடையாது. காட்டை ஒட்டிய வயலில் காவல் நாய் வேண்டாம் என்று ஒப்புக்கொள்வதே நேர்மை. காட்டிலிருந்து தள்ளியிருக்கும் வயல்களில், ஆளோடு சேர்ந்து, சங்கிலியில்லாமல் வேலிக்குள் இரண்டு மூன்று நாய்கள் இருக்கும்படி வைக்கலாம். இரண்டாவது நோய், இதுதான் கனமான எதிர்ப்பு. 2018இல் கிர் காட்டில் 20க்கும் மேற்பட்ட சிங்கங்கள் மாண்டபோது நாய்களிடம் பரவும் டிஸ்டெம்பர் வைரஸ் அவற்றில் கண்டறியப்பட்டது. புலியும் செந்நாயும் உள்ள காட்டருகே தடுப்பூசி போடாத, கருத்தடை செய்யாத நாயை அவிழ்த்துவிடுவது பெரும் தீங்கு. ஆகவே இந்தத் திட்டத்தில் நாய்களின் எண்ணிக்கை கூடக்கூடாது. தேர்வான சில நாய்கள் மட்டுமே குட்டி போட வேண்டும், மற்றவை அனைத்துக்கும் கருத்தடை. உண்மையில் தேர்வு என்பதே அதுதானே. மூன்றாவது, காவல் என்ற பெயரில் வேட்டை மீண்டும் நுழைந்துவிடும் என்ற அச்சம். அதைத் தடுக்கும் பொறுப்பைச் சட்டத்திடம் மட்டும் விட வேண்டியதில்லை. குட்டியைப் பொறுக்கும்போதே தடுக்கலாம். துரத்தும் வெறியும் குரைக்கும் பழக்கமும் ஒரே குணம் அல்ல. கர் நாய் வளர்ப்பவர்கள் வளைத்து நிற்கும் நாயையும் கவ்வும் நாயையும் பிரித்தே வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள்.

அந்தத் தேர்வுக்கு உயிருள்ள பன்றி தேவையில்லை. குட்டிக்கு ஆறேழு வாரமானதும் கருவி வைத்து இரு காதுகளையும் சோதிக்க வேண்டும். கேளாத குட்டியின் பெற்றோரை மறுபடி இணை சேர்க்கக் கூடாது. மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரை ஆடு மாடு, கோழி, குழந்தைகள், அந்நியர் என எல்லாரோடும் பழக்க வேண்டும். அந்த வயதில் பழகாதது பிறகு பழகுவது கடினம். ஒரு வயதில் வேலியிட்ட வயலில் இரவுச் சோதனை: வேலிக்கு வெளியே பன்றி வாடையும் சலசலப்பும், உள்ளே நாய், தொலைவில் மதிப்பெண் போடும் ஆள். எவ்வளவு நேரத்தில் கவனிக்கிறது, எவ்வளவு நேரம் விடாமல் குரைக்கிறது, ஒரு குரலுக்கு அடங்குகிறதா என்று குறிக்க வேண்டும். நன்றாக முகரும் நாய்கள் வனத்துறைக்கும், நின்று குரைக்கும் நாய்கள் வயலுக்கும் போகட்டும். வேலியைத் தாண்டிப் பாய்ந்து ஓடும் நாய் எவ்வளவு அழகானதாக இருந்தாலும், குட்டிக்கு எவ்வளவு விலை கிடைப்பதாக இருந்தாலும், இனப்பெருக்கப் பதிவேட்டில் அதன் பெயர் ஏறக்கூடாது.