பதவி போனால் வழக்கும் போகுமா?



நாட்டின் தலைவர் பெரிய தவறு செய்தால், பதவிக்காலம் முடியும் முன்பே அவரை விசாரித்து வெளியேற்ற ஒரு முறை இருக்கிறது. அதற்குப் பெயர் பதவி நீக்கத் தீர்மானம். ஆங்கிலத்தில் இம்பீச்மென்ட் என்பார்கள். எங்கள் வகுப்பில் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது இரண்டு கட்சி ஆகிவிட்டது. "பதவியே போச்சு, அதுக்கு மேல கோர்ட்டு எதுக்கு?" என்றது ஒரு கட்சி. "நாடாளுமன்றமே விட்டுடுச்சுன்னா, கோர்ட்டு எப்படிப் பிடிக்கலாம்?" என்றது இன்னொரு கட்சி. இரண்டு கேள்விக்கும் விடை தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

ஒரு சின்ன உதாரணம் சொல்கிறேன். ஒரு வகுப்புத் தலைவன் சுற்றுலாப் பணத்தை எடுத்துச் செலவு செய்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். அவன் பேட்ஜைக் கழற்றி வாங்கிவிட்டால் கணக்கு தீர்ந்ததா? பேட்ஜ் அவன் சொத்து இல்லை. வகுப்பு அவனை நம்பிக் கொடுத்தது. நம்பிக்கை போனதும் திரும்ப வாங்கிக்கொண்டது. எடுத்த பணத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது தனி விஷயம், இல்லையா?

1787-இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியல் சட்டமும் இதைத்தான் சொல்கிறது. அங்கே பிரதிநிதிகள் சபை சாதாரணப் பெரும்பான்மையில் குற்றம் சாட்டும். செனட் சபை விசாரிக்கும். வந்திருக்கும் உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் "குற்றவாளி" என்று சொன்னால்தான் அதிபர் பதவி இழப்பார். செனட்டால் செய்ய முடிந்ததெல்லாம் இரண்டே இரண்டு: பதவியிலிருந்து நீக்கலாம், இனிமேல் பதவி வகிக்கக் கூடாது என்று தடை போடலாம். ஒரு நாள் சிறையோ ஒரு டாலர் அபராதமோ விதிக்க முடியாது. அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. அப்படித் தண்டிக்கப்பட்டவர் மற்றவர்களைப் போல நீதிமன்ற வழக்கையும் தண்டனையையும் சந்திக்க வேண்டியவர்தான்.

"ஒரே தப்புக்கு ரெண்டு தண்டனையா?" என்று கேட்கலாம். ஒரே குற்றத்துக்கு ஒருவரை இரண்டு முறை தண்டிக்கக் கூடாது என்பது உண்மைதான். ஆனால் அந்த விதி குற்றவியல் தண்டனைக்கு உரியது. பதவி நீக்கம் அந்தக் கணக்கில் வராது.

சரி, ராஜினாமா செய்துவிட்டால்? ரிச்சர்ட் நிக்சன் வாட்டர்கேட் விவகாரத்தில் சிக்கி, பிரதிநிதிகள் சபை வாக்கெடுக்கும் முன்பே 1974 ஆகஸ்ட் 9-இல் பதவி விலகினார். ஒரு மாதம் கழித்து, செப்டம்பர் 8-இல், அடுத்த அதிபர் ஜெரால்டு ஃபோர்டு அவருக்கு முழு மன்னிப்பு வழங்கினார். இங்கேதான் யோசிக்க வேண்டும். பதவி விலகியதே போதும் என்றால் மன்னிப்பு எதற்கு? வழக்கு வரலாம் என்பதால்தானே அது தேவைப்பட்டது!

தென்கொரியாவில் இது இன்னும் தெளிவு. அங்கே அதிபர் பதவியில் இருக்கும்வரை, கிளர்ச்சி, தேசத்துரோகம் தவிர வேறு குற்றத்துக்கு அவர்மீது வழக்குத் தொடர முடியாது. பதவி நீக்கத்தால் குற்றவியல் பொறுப்பு தீராது என்றும் அந்நாட்டு அரசியல் சட்டத்தின் 65-வது பிரிவு சொல்கிறது. 2016 டிசம்பரில் நாடாளுமன்றம் அதிபர் பார்க் கியூன் ஹே மீது தீர்மானம் நிறைவேற்றியது. 2017 மார்ச் 10-இல் அரசியல் சாசன நீதிமன்றம் அவரை நீக்கியது. அதே மாதம் 31-ஆம் தேதி அவர் கைதானார். மூன்றே வாரம்! பதவி நீக்கம் வழக்கைத் தடுக்கவில்லை. வழக்குக்கு இருந்த தடையைத்தான் நீக்கியது. 2021 ஜனவரியில் அவருடைய மொத்தத் தண்டனை 22 ஆண்டுகள் என்று உறுதியானது. அந்த ஆண்டு டிசம்பரில் அவருக்கு மன்னிப்பு கிடைத்தது.

இப்போது இரண்டாவது கட்சியின் கேள்விக்கு வருவோம். 2021 ஜனவரி 6-இல் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடம் தாக்கப்பட்டது. டொனால்டு டிரம்ப் மீது தீர்மானம் வந்தது. பிப்ரவரி 13-இல் செனட்டில் 57 பேர் குற்றவாளி என்றார்கள், 43 பேர் இல்லை என்றார்கள். தேவை 67. அதனால் விடுவிக்கப்பட்டார். 2023 ஆகஸ்டில், தேர்தல் முடிவை மாற்ற முயன்றதாக அவர்மீது குற்றவியல் வழக்குப் பதிவானது. "செனட் விட்ட பிறகு வழக்குப் போட முடியாது" என்று அவர் தரப்பு வாதாடியது. 2024 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பதவி நீக்கம் என்பது அரசியல் நடவடிக்கை, அதைக் குற்ற வழக்குக்குக் கட்டாய முதல் படியாக ஆக்க முடியாது என்பதே 2024 ஜூலை 1-இல் உச்ச நீதிமன்றத்தின் கருத்தும். ஆனால் அதே தீர்ப்பு வேறொரு கேடயத்தைக் கொடுத்தது: அதிபராகச் செய்த அலுவல் செயல்களுக்குப் பெருமளவு பாதுகாப்பு உண்டு, சொந்தச் செயல்களுக்கு இல்லை. பிறகு அவர் மீண்டும் தேர்தலில் வென்றார். பதவியில் இருக்கும் அதிபர்மீது வழக்கு நடத்துவதில்லை என்ற நீதித்துறைக் கொள்கையால், 2024 நவம்பரில் வழக்கு கைவிடப்பட்டது. ஆக, வழக்கை நிறுத்தியது செனட்டின் வாக்கு அல்ல.

தலைகீழாகவும் நடந்திருக்கிறது. ஆல்சி ஹேஸ்டிங்ஸ் என்ற அமெரிக்க நீதிபதியை 1983-இல் லஞ்ச வழக்கிலிருந்து நீதிமன்றம் விடுவித்தது. ஆனாலும் 1989-இல் செனட் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. ஒரு இடத்தில் பாஸ் ஆனால் இன்னொரு இடத்திலும் பாஸ் என்பது கிடையாது. கேள்வித்தாளே வேறு. "இவரை இந்த நாற்காலியில் நம்பி உட்கார வைக்கலாமா?" என்று கேட்பது சபை. "இந்தக் குற்றம் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட்டதா?" என்று கேட்பது நீதிமன்றம்.

இதெல்லாம் ஏன் முக்கியம்? பதவி போனதே போதுமான தண்டனை என்றால், யார் வேண்டுமானாலும் தப்பு செய்துவிட்டு ராஜினாமா கடிதம் எழுதித் தப்பிவிடலாம். சபை விட்டால் போதும் என்றால், நூறு செனட்டர்களில் 34 நண்பர்கள் இருந்தாலே சட்டத்துக்கு வேலையில்லை. அதே சமயம், நேற்றைய தலைவரை இன்றைய தலைவர் பழிவாங்கவும் வழக்கைப் பயன்படுத்தக் கூடாது. அதனால்தான் கைதூக்கும் எண்ணிக்கையை வைத்துச் சிறைக்கு அனுப்பும் அதிகாரம் சபைக்கு இல்லை. சாட்சியும் ஆதாரமும் கேட்கும் நீதிமன்றத்துக்கு இருக்கிறது.

பதவியைக் கொடுத்தது மக்கள், அதைப் பறிக்க அவர்களுடைய சபைக்கு உரிமை உண்டு. குற்றத்துக்கு விடை சொல்ல வேண்டியது சட்டத்திடம்.

கடைசியாக உங்களுக்கு ஒரு கேள்வி: நிக்சனுக்கு ஃபோர்டு மன்னிப்பு கொடுத்தது சரியா, தவறா? காரணத்தோடு அரைப் பக்கம் எழுதி இதழ்ப் பெட்டியில் போடுங்கள். அடுத்த இதழில் இரண்டு பக்க வாதத்தையும் ஒட்டுவோம்!

– பதினோராம் வகுப்பு மாணவி